பல வீடுகளில் செத்த ஒரே எலி

காலையில் வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் அவள் பார்க்கிற முதல் முகம் பெரும்பாலும் ஒரு கரப்பான்பூச்சியுடையதாக இருக்கும். மல்லாந்து கிடக்கும். ஒரு கால் மட்டும் இன்னும் ஆடுவது போலத் தோன்றும். படம்தானே, எப்படி ஆடும் என்று தன்னையே திட்டிக்கொண்டு 'சரி' பொத்தானை அழுத்துவாள். அடுத்து யார் வீட்டு மெத்தையோ, ஓரத்துத் தையலில் வரிசையாக மூட்டைப்பூச்சி. அதற்கடுத்து அடுப்புக்குப் பின்னால் ஊதிப்போன ஒரு சுண்டெலி. அதற்குள் காபி ஆறிவிடும். ஆறாவிட்டாலும் குடிக்கத் தோன்றாது.

பூச்சி ஒழிக்கும் கம்பெனியில் அவளுக்கு வேலை இதுதான். மக்கள் தங்கள் வீட்டில் ஊர்கிறதைப் போனில் படம் பிடித்து, "ஐயோ, சீக்கிரம் வாங்க" என்று அனுப்புவார்கள். கம்பெனி ஆள் போவான். மருந்தடிப்பான், பொறி வைப்பான், செத்ததைப் படம் பிடித்து அனுப்புவான். இரண்டையும் பார்த்து, வேலை முடிந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டியவள் அவள். அதனால் எல்லோருக்கும் அவள் 'படக்கா' ஆகிவிட்டாள். முதலாளிகூட அப்படித்தான் கூப்பிட்டார். அவளுக்கென்று ஒரு சொந்தப் பெயர் இருந்ததை மாமியார் மட்டும் நினைவில் வைத்திருந்தாள், அதுவும் கோபம் வந்தால் எடுத்து வீசுவதற்காக.

புருஷனுக்கும் அதே கம்பெனி. மருந்தடிக்கிற ஆள், பட்டப்பெயரும் 'மருந்து'. எத்தனை சோப்பு தேய்த்தாலும் காதுக்குப் பின்னால் அந்த வாடை போகாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் மூக்கை ஒரு தரம் சுளித்துவிட்டு, இறங்க வேண்டியவர்கள் போல எழுந்துபோய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். படக்காவுக்கு அதனால் எப்போதும் ஜன்னலோரம் கிடைத்தது. அந்த வாடையைப் பற்றி அவள் ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவன் வெளியூர் போயிருந்தால் மட்டும், அவனுடைய துவைக்காத சட்டை ஒன்று அவள் தலையணைப் பக்கம் கிடக்கும். கேட்டால், துவைக்க எடுத்து வைத்தேன் என்பாள்.

முன்பெல்லாம் இந்தப் படங்கள் ஆபீஸ் மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒரு பெட்டிக் கணினியில் சேர்ந்தன. சர்வர் என்று அதற்குப் பெயர். மழை பிடித்தால் சாக்கடையில் இருந்ததெல்லாம் வீட்டுக்குள் ஏறும், ஊரே ஒரே நேரத்தில் படம் அனுப்பும், பெட்டி மூச்சுமுட்டி நின்றுவிடும். வெயில் காலத்தில் சீந்துவார் இருக்காது. அப்போது அது சும்மா உறுமிக்கொண்டு கரண்டைக் குடிக்கும். ஒருநாள் ஒரேயடியாகப் படுத்தது. திறந்து பார்த்தால் உள்ளே கதகதப்பான இடத்தில் கரப்பான்பூச்சிகள் குடும்பம் குட்டியோடு குடித்தனம் நடத்தின. ஒயரைத் தின்று, தின்றதை அங்கேயே பேண்டும் வைத்திருந்தன. பூச்சி ஒழிக்கிற கம்பெனியின் கணினியைப் பூச்சி ஒழித்துவிட்டது. முதலாளி முகத்தில் அன்று ஈயாடவில்லை. ஆடியிருந்தால் அதற்கும் யாரையாவது விட்டு மருந்தடிக்கச் சொல்லியிருப்பார்.

அதன் பிறகுதான் கிளவுட் வந்தது. அதைக் கொண்டுவந்த பையனுக்குத் தாடி சரியாக முளைக்கவில்லை, ஆனால் மடிக்கணினி இரண்டு வைத்திருந்தான். முதலாளி அவனை உட்காரக்கூடச் சொல்லாமல் கேள்வியை ஆரம்பித்தார்.

"சரி தம்பி, அந்தப் புதுப் பெட்டி எங்க இருக்கும்?"

"எங்கயோ இருக்கும் சார். பெரிய கட்டடத்துல வரிசையா கம்ப்யூட்டர் அடுக்கி வெச்சிருப்பாங்க. நாம வாடகைக்கு எடுத்துக்கறோம்."

"பூச்சி வராதா?"

"வந்தா அது அவங்க பாடு."

முதலாளிக்கு அந்த வரி மிகவும் பிடித்துப்போனது. நாற்காலியைக் காட்டினார். பையன் உட்கார்ந்து விளக்கினான்.

"கல்யாண மண்டபத்துக்கு வாடகை நாற்காலி எடுக்கறோம்ல, அது மாதிரி வெச்சுக்கோங்க. கூட்டம் வர வர நாற்காலி தானா வந்து விழும். கூட்டம் கலைஞ்சா தானா போயிடும். உக்காந்த நாற்காலிக்கு மட்டும்தான் வாடகை."

"யாரு அதை எண்ணிப் பாத்து அனுப்பறது?"

"யாரும் வேணாம். ஒரு விதி எழுதி வெச்சிடுவேன். இருக்கற மெஷினெல்லாம் மூச்சு வாங்குச்சுன்னா இன்னொன்னு சேத்துக்கோ. எல்லாம் கொட்டாவி விட்டா ஒண்ண அனுப்பிடு. மழையோ வெயிலோ, உங்க வியாபாரம் எந்தச் சைசோ அந்தச் சைசுக்கு அது மாறிக்கும்."

படக்கா இதையெல்லாம் ஒரு காதில்தான் கேட்டாள். ஆனால் அடுத்த மழை அடித்துப் பெய்தபோது கண்ணாலேயே பார்த்தாள். ஊர் முழுக்க ஒரே சமயத்தில் பூரானும் தேளும் எலியுமாக அனுப்பியது. திரை ஒரு தரம்கூட உறையவில்லை. பையன் திரையோரம் காட்டியிருந்த கட்டத்தில் மெஷின் எண்ணிக்கை ஒன்று, மூன்று, ஆறு என்று சத்தமில்லாமல் ஏறியது. மழை விட்டதும் அதே மாதிரி இறங்கியது. கூப்பிட்டால் வருகிறது, வேண்டாம் என்றால் முறுக்கிக்கொள்ளாமல் போகிறது. தன் நாத்தனாரைவிட எவ்வளவோ மேல் என்று நினைத்துக்கொண்டாள்.

கெட்டது வேறு இடத்திலிருந்து வந்தது. முதலாளி அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார், குழந்தை மீன்தொட்டியைப் பார்ப்பது போல.

"ஏன் தம்பி, நாற்காலிக்கு மட்டும்தான் இந்த விதியா? உக்கார்றவனுக்குக் கிடையாதா?"

பையன் ஜோக் என்று நினைத்துச் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை.

அடுத்த மாதத்திலிருந்து மருந்தடிக்கிறவர்களுக்கு மாதவேலை போயிற்று. அவர்கள் ஒவ்வொருவர் போனிலும் ஒரு மணி வைக்கப்பட்டது. புகார் ஏறினால் மணி அடிக்கும், யார் போனில் அடித்ததோ அவன் போகலாம். புகார் இல்லையென்றால் வீட்டில் கிட, கூலி கிடையாது. யாருக்கு முதலில் மணி அடிக்க வேண்டும் என்பதற்கும் விதி இருந்தது. யார் அதிக 'வேலை முடிந்தது' படம் அனுப்பியிருக்கிறானோ அவனுக்கு முதலில்.

மருந்துக்கு அங்கேதான் அடி விழுந்தது. அவன் ஒரு வீட்டுக்குள் போனால் சீக்கிரம் வெளியே வருகிற ஜாதி இல்லை. எலி எந்த வழியாக வருகிறது என்று குப்புறப் படுத்துத் தேடுவான். அலமாரியை நகர்த்துவான். பொந்தில் கம்பிநார் திணித்துச் சிமெண்டு பூசுவான். வீட்டுக்காரர்களே சலித்துப்போய், "போதும்பா, நாங்க தூங்கணும்" என்பார்கள். மற்றவன் நான்கு வீடு முடிக்கிற நேரத்தில் இவன் ஒன்று முடிப்பான். மணி மற்றவர்களுக்கு அடித்தது.

அவன் பூட்ஸை மாட்டிக்கொண்டு வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பான், போனைத் தொடைமேல் வைத்துக்கொண்டு. மாமியாருக்கு வாய் சும்மா இருக்குமா?

"பொண்ணு பாக்க வர்றவங்களுக்குக் காத்திருக்கற மாதிரி இப்படி உக்காந்திருக்கியேடா. சட்டைய இன்னும் கொஞ்சம் இஸ்திரி போடட்டுமா?"

"சும்மா இரும்மா."

"சும்மா இருக்கறது நீதானே?"

அவன் போனைத் திருப்பிப் பார்த்தான், செத்துவிட்டதா என்று. படக்கா அதைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போய்ப் பாத்திரத்தைத் தேவைக்கு மேல் சத்தமாகக் கழுவினாள்.

எல்லோரையும்விட அதிகம் மணி அடித்தது ஓர் ஒல்லி ஆசாமிக்கு. வாய் நிறைய சிரிப்பு, பை நிறைய சாமான். அவனுடைய படங்களில்தான் படக்கா அந்த எலியைக் கண்டாள். சாம்பல் நிறம். இடது காது கிழிந்திருக்கும். வாலில் நுனி இல்லை. முதலில் ஒரு பேக்கரியில் செத்துக் கிடந்தது. பிறகு ஒரு பள்ளிக்கூடத்துக் கழிவறையில். அதற்கு மறுநாள் ஒரு வக்கீல் வீட்டுக் குளியல்தொட்டியில். ஒரே காது, ஒரே வால், ஒரே 'என்னை விட்டுடுங்க' என்கிற மாதிரியான திறந்த வாய். இத்தனை வீட்டில் செத்த எலி உலகத்திலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும். நாளாக ஆக வயிறு கொஞ்சம் உள்ளே போயிற்று, ரோமம் ஒட்டிக்கொண்டது. அவளுக்கு அது பழகிய சொந்தக்காரர் முகம் போலவே ஆகிவிட்டது. இழவு வீட்டுக்கு நாள்தோறும் போய்வருகிற அலுப்பு.

ஒருநாள் அவனை ஆபீஸ் நடையில் மடக்கினாள்.

"பைக்குள்ள என்ன இருக்கு?"

"சாப்பாடு அண்ணி."

"தொறங்க பாப்போம்."

அவன் கூச்சமே படாமல் திறந்தான். சாப்பாட்டு டப்பா. மூடியைத் தூக்கியதும் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே அது படுத்திருந்தது. கீழடுக்கில் உண்மையாகவே சாப்பாடு இருந்தது. படக்காவுக்கு இத்தனை வருஷம் படத்தில் பார்த்ததற்கெல்லாம் வராத குமட்டல், அந்தக் கீழடுக்கைப் பார்த்ததும் வந்தது.

"இதையும் அதையும் ஒரே டப்பாவுலயா?"

"நடுவுல தட்டு இருக்கே அண்ணி."

"கருமம். கருமம். எலியப் புடிக்கப் போறீங்களா, எலியச் சுத்திக் காட்டப் போறீங்களா?"

"பொறி வெச்சுக் காத்திருந்தா ஒரு நாள் போயிடும். இத வெச்சு ஒரு கிளிக். அவங்க கண்ணால செத்தத பாத்துட்டாங்க, சந்தோஷம். எனக்கு அடுத்த மணி. யாருக்கு என்ன நஷ்டம்? அண்ணனுக்கும் வேணும்னா சொல்லுங்க, ஒரு நாளைக்குக் குடுக்கறேன். மத்தவங்ககிட்ட வாடகை வாங்கறேன், அண்ணன்கிட்ட வாங்குவேனா?"

அப்போதுதான் தெரிந்தது, எலியும் வாடகைக்குப் போய்க்கொண்டிருந்தது. மற்றவர்கள் படங்களையும் அவள் திரும்பப் பார்த்தாள். அங்கேயும் அதே வால்.

நேராக முதலாளியிடம் போனாள். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார், பல் குத்திக்கொண்டே.

"தெரியும்மா."

"தெரியுமா?"

"நான் என்ன கண்ணு தெரியாதவனா? படத்துல எலி இருக்கா? இருக்கு. செத்திருக்கா? செத்திருக்கு. நீ 'சரி'ய அழுத்து."

"அவங்க வீட்டு எலி உயிரோட ஓடிட்டிருக்கே சார்!"

"ஓடட்டும். ஓடினா திரும்பக் கூப்பிடுவாங்க."

சொல்லிவிட்டுக் குத்தியெடுத்ததைப் பார்த்தார், பார்த்துவிட்டு மறுபடி வாயிலேயே போட்டுக்கொண்டார். படக்கா வெளியே வந்து குழாயடியில் கையைக் கழுவினாள். அவள் எதையும் தொடவில்லைதான். இருந்தாலும் கழுவினாள்.

வெயில் காலம் வந்தது. வழக்கமாகப் புகார் வற்றிப்போகும் காலம். அந்த வருஷம் கட்டம் இறங்கவே இல்லை. கிளவுட் பையன் வந்து பார்த்துவிட்டுத் தன் பிள்ளை பரீட்சையில் பாஸான மாதிரி பூரித்தான்.

"பாத்தீங்களா அக்கா? மழையே இல்ல, லோடு எப்படி ஏறுது! ஒரு தடவகூடத் தொங்கல. மெஷின் தானா சேத்துக்கிட்டே போகுது."

"ஏன் ஏறுதுன்னு தெரியுமா தம்பி?"

"வியாபாரம் வளருது."

"எலி சாகல. அதான் ஏறுது. ஒரே வீட்டுக்காரங்க திரும்பத் திரும்பப் படம் அனுப்பறாங்க. உன் மெஷின் ஒரு வார்த்த கேக்காதா, 'ஏன்டா இது, நேத்தும் இதே வீடுதானே'ன்னு?"

பையன் முகம் கொஞ்சம் சிறுத்தது.

"அது கேக்காதுக்கா. கூட்டம் வந்தா நாற்காலி போடும். வந்தவன் கல்யாணத்துக்கு வந்தானா, திருட வந்தானான்னு அதுக்கு என்ன தெரியும்? ஒரே படம் ரெண்டு தடவ வந்தா கண்டுபுடிக்க வைக்கலாம். ஒரே எலி வேற வேற தரையில வந்தா... அது உங்களுக்குத்தான் தெரியும்."

அது உண்மை என்பதுதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. மழைக்கு ஏற்ற மாதிரி வளைந்த அதே நல்ல பிள்ளைக் கிளவுட், இப்போது பொய்க்கு ஏற்ற மாதிரியும் வளைந்துகொண்டிருந்தது. பொய் பெருகப் பெருக, வாய் திறக்காமல் இடம் போட்டுக் கொடுத்தது. அதற்கு 'சரி' சொல்கிற விரல் அவளுடையது.

அந்த வாரத்தில் ஒரு பகல், நெடுநாள் கழித்துப் புருஷன் பெயரில் படம் வந்தது. அவனுக்கு மணி அடித்திருக்கிறது என்று அவள் முகம் மலர்ந்தது. திறந்தாள். யார் வீட்டுச் சமையலறையோ, வெள்ளை ஓடு பதித்த தரை. நடுவில் சாம்பல் எலி. இடது காது கிழிந்திருந்தது. வால் நுனி இல்லை.

நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். பக்கத்து மேசைக்காரர் என்ன என்று பார்த்தார். ஒன்றுமில்லை என்று கையாட்டினாள். அந்த எலியை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறாள். இந்தத் தரம்தான் படத்துக்குள்ளிருந்து வாடை வந்தது. அவன் அந்த டப்பாவுக்குள் கையை விட்டிருப்பான். அதே கையால் மாலையில் தட்டில் சாப்பாடு பிசைவான். அதுகூடப் பரவாயில்லை. வாசலில் பூட்ஸோடு உட்கார்ந்து உட்கார்ந்து, கடைசியில் 'குடு' என்று அந்த ஒல்லியிடம் கேட்டிருப்பானே, அந்த நிமிஷம் அவன் முகம் எப்படி இருந்திருக்கும்? அதை நினைக்கத்தான் அவளால் முடியவில்லை.

'சரி'யை அழுத்தினால் இன்னொரு மணி அடிக்கும். 'இல்லை'யை அழுத்தினால் அவன் பெயர் அடிமட்டத்துக்குப் போய்விடும், பிறகு மணியே கிடையாது. இரண்டு பொத்தானும் அருகருகே இருந்தன.

'இல்லை'யை அழுத்தினாள். உடனே போன் அடித்தது.

"ஏய், என் படத்தத் தள்ளிட்டாங்க. யாரு தள்ளினது?"

"நான்தான்."

அவன் வாசலுக்கு இறங்கி வருகிற பூட்ஸ் சத்தம் கேட்டது.

"தெரிஞ்சிடுச்சா?" என்றான்.

"அந்த எலிய உங்களவிட எனக்கு நல்லாத் தெரியும். எங்க இருக்கீங்க?"

"அந்த வீட்டுலதான். வாசல்ல. எனக்கு வேற வழி தெரியல. வீட்டுல அம்மா மூஞ்சியப் பாக்க முடியல, உன் மூஞ்சியப் பாக்க முடியல..."

"இப்ப அந்த எலி மூஞ்சியப் பாக்க முடியுதாக்கும். அங்கயே இருங்க, வரேன்."

மேசைமேல் இருந்த பையை எடுத்துக்கொண்டு, திரையை அப்படியே விட்டுவிட்டு வேலை நேரத்தில் கிளம்பினாள். அந்த வீட்டுக்காரம்மா கதவைத் திறந்து, மருந்தின் பெண்டாட்டி என்றதும், "குடும்பமா வர்றீங்களே, அவ்வளவு பெரிய எலியா?" என்றாள். மருந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றான். படக்கா அவனிடமிருந்து டார்ச்சை வாங்கிப் பிடித்தாள். அவன் குப்புறப் படுத்தான், அலமாரியை நகர்த்தினான், சிங்க்குக்குப் பின்னால் பொந்தைக் கண்டான். உள்ளேயிருந்து உயிருள்ள எலி ஒன்று அவள் கால்மேல் ஏறி ஓடியது. அத்தனை வருஷம் பூச்சிகளோடு குடும்பம் நடத்தியவள், உயிரோடு ஓர் எலியை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை. போட்ட கூச்சலில் வீட்டுக்காரம்மா சாப்பாட்டு மேசைமேல் ஏறிவிட்டாள், படக்கா அவளுக்கு முன்பே ஏறியிருந்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு நின்றார்கள். மருந்து சிரித்தான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு சிரித்தான். பிறகு மேசைக்குக் கீழே மூலையில் அதை மடக்கி அடித்தான். பொந்தை அடைத்து முடிக்கச் சாயங்காலம் ஆயிற்று.

மறுநாள் படக்கா வேலைக்குப் போகவில்லை. முதலாளியும் கூப்பிடவில்லை. பார்க்கிற வேலைதானே, யாரை உட்காரவைத்தால் என்ன என்று தன் மச்சானை உட்காரவைத்தார். மச்சான் மூட்டைப்பூச்சி வரைக்கும் தாங்கினான். சிங்க்குக்குள் புழுத்த எலி ஒன்று வந்ததும் விசைப்பலகைமேலேயே வாந்தியெடுத்தான். அடுத்து வந்த பெண் வேலையை விட்டதோடு நிற்காமல், கறி சாப்பிடுவதையும் விட்டாள். படங்கள் குவிந்தன. கிளவுட் சத்தம் போடாமல் அவற்றுக்கெல்லாம் இடம் போட்டுக் கொடுத்தது, பத்து மடங்கு வந்தாலும் கொடுத்திருக்கும். ஆனால் யாரும் 'சரி' சொல்லாததால் எந்த வேலையும் முடிந்ததாகக் கணக்கில் ஏறவில்லை, காசும் வரவில்லை. முதலாளி பையனைக் கூப்பிட்டு, "படக்கா மாதிரி இன்னும் நாலு தானா வந்து விழாதா?" என்று கேட்டாராம்.

"வயித்துக்கெல்லாம் விதி எழுத முடியாது சார்."

"மெஷினையே பாக்கச் சொல்லு."

"சொல்லலாம். எலி எது, பழைய சாக்ஸ் எதுன்னு அதுக்குக் கத்துக்கொடுக்க ஒரு ஆள் உக்காந்து இதையெல்லாம் மொதல்ல பாக்கணும்."

முதலாளி வீட்டுக்கே வந்தார். மாமியார்தான் கதவைத் திறந்தாள்.

"உள்ள வாங்க. செருப்ப வெளிய விடுங்க, எங்க வீட்டுல பூச்சி கெடயாது."

படக்கா இரண்டே விஷயம் கேட்டாள். மருந்துக்கு மாதவேலை, மணி அடித்தாலும் அடிக்காவிட்டாலும். அவள் 'இல்லை' என்றால் அது இல்லைதான். முதலாளி முதலில் குதித்தார்.

"புருஷனுக்கு மட்டும் கேக்கறியேம்மா, இது நியாயமா?"

"இல்லதான். மத்தவங்களுக்கும் போடுங்க, நான் வேணாம்னா சொன்னேன்?"

"அவ்வளவுக்கு நான் எங்க போவேன்?"

"அப்ப இவருக்குப் போடுங்க. மச்சான் உடம்பு எப்படி இருக்கு சார்?"

அவர் ஒப்புக்கொண்டார். அவளுக்கு அதில் பெருமை ஒன்றும் இல்லை. மற்றவர்கள் வீட்டு வாசலிலும் பூட்ஸோடு யாரோ உட்கார்ந்திருப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

திரும்பப் போய் உட்கார்ந்த அன்று குவியலில் அந்த எலி வரிசையாக வந்தது. ஒவ்வொன்றுக்கும் 'இல்லை' என்று அழுத்தினாள். ஒல்லி ஆசாமி ஒரு வாரம் முறைத்துக்கொண்டு திரிந்துவிட்டு, டப்பாவோடு வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். அங்கேயும் கிளவுட்தானாம். மற்றவர்கள் முனகிக்கொண்டே பொறியைத் தூசி தட்டினார்கள். திரும்பத் திரும்ப வந்த புகார்கள் மெதுவாக நின்றன. கட்டத்தில் மெஷின்கள் ஆறிலிருந்து மூன்றாகி, ஒன்றாகி, அந்த ஒன்றும் கொட்டாவி விட்டது.

முதலாளி அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று திரையை எட்டிப் பார்த்தார்.

"எலியெல்லாம் எங்கம்மா போச்சு?"

"செத்துப்போச்சு சார்."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

அவர் மூக்கைச் சுளித்துக்கொண்டார். சாக்கடையில் கால் வைத்துவிட்டவர் போல முகம் ஒரு பக்கமாகக் கோணிற்று. தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.